எண்ணிக் குறைப்பதா, எடைபோட்டுக் குறைப்பதா?

வருட முடிவில் இருப்புக் கணக்கு எடுக்கும்போது, இறாக்கையில் பாதியை வீசிவிடுவோம் என்று எந்த வர்த்தகரும் தொடங்குவதில்லை. ஓடாத சரக்கு எது என்று பார்த்தே ஒதுக்குகிறோம். ஒரு நகரம் தன் ஆலோசனைச் சபைகளைக் குறைப்பதற்கும் இதுவே முறை என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவின் சன் பிரான்சிஸ்கோ நகரில் சுமார் 130 ஆணைக்குழுக்களும் ஆலோசனைச் சபைகளும் இருந்தன. 2024 நவம்பரில் வாக்காளர் முன் இரண்டு பிரேரணைகள் வந்தன. சபைகள் 65க்கு மேற்படக் கூடாது என்றது ஒன்று. ஐவர் கொண்ட செயலணி ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 2026 பெப்ரவரி 1ஆம் திகதிக்குள் சிபாரிசு செய்யட்டும் என்றது மற்றையது. மக்கள் முதலாவதை நிராகரித்து, இரண்டாவதை ஏற்றனர்.

அது நியாயமான தீர்ப்பு. அந்தப் பட்டியலில் சிறு வர்த்தக ஆணைக்குழுவும் இருந்தது. அதன் ஏழு உறுப்பினர்களில் ஐவராவது சிறு வர்த்தகம் நடத்துபவர்களாக இருக்க வேண்டும் என நகர சாசனம் விதித்திருந்தது. எண்ணிக்கைக்காக அத்தகைய கதவை மூடினால் நட்டம் யாருக்கு?

அதற்காக எல்லாச் சபைகளையும் காப்பாற்றச் சொல்லவில்லை. நானும் ஒரு வர்த்தக ஆலோசனைக் குழுவில் ஒரு வருடம் இருந்தேன். தேநீர் குடித்தோம், கூட்டறிக்கை எழுதினோம். நாம் சொன்ன ஒன்றுகூட அமுலாகவில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் போன நேரம்தான் மிச்சம்.

எனவே ஒவ்வொரு சபையிடமும் கேட்க வேண்டியவை மூன்று. எத்தனை முறை கூடினீர்கள்? என்ன சொன்னீர்கள்? அதில் எது நடந்தது? முதல் இரண்டுக்கும் பதில் இல்லாவிட்டால் சபையைக் கலையுங்கள். மூன்றாவதற்கு மட்டும் பதில் இல்லையென்றால், திருந்த வேண்டியது சபையல்ல. கேட்டும் கேளாதிருந்த நிர்வாகமே.