8 லட்சம் ரூபாய்: ஏழையா, முன்னேறியவரா?

ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் வருமானம் உள்ள குடும்பத்தை எந்த வகுப்பில் சேர்ப்பது? மத்திய அரசிடம் இதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. இதர பிற்படுத்தப்பட்டோரில் பெற்றோரின் வருமானம் இந்தத் தொகையைத் தாண்டினால் அவர்கள் ‘கிரீமிலேயர்’. பிள்ளைகளுக்கு இடஒதுக்கீடு கிடையாது. 2019இல் 103ஆவது அரசமைப்புத் திருத்தம் வந்த பிறகு, இடஒதுக்கீட்டுக்குள் வராத சாதிகளில் இதே தொகைக்குக் கீழே இருப்போர் ‘பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர்’. மாதம் அறுபதாயிரம் ஈட்டும் குடும்பத்தை நலிந்த குடும்பம் என்று எந்த ஊரில் சொல்வார்கள்?

கணக்கிடும் முறை வேறு என்கிறது அரசு. உண்மைதான். கிரீமிலேயர் வருமானச் சோதனையில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. நலிந்த பிரிவினருக்கான சோதனையில் எல்லாமே சேரும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதைப் பொறுத்தே ஒரு குடும்பம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகிறது என்றால், அந்த எண் சமூக நிலையை அளக்கவில்லை.

தமிழ்நாடு இந்தச் சர்ச்சையை முன்பே பார்த்துவிட்டது. 1979இல் எம்.ஜி.ஆர். அரசு பிற்படுத்தப்பட்டோருக்கு 9,000 ரூபாய் ஆண்டு வருமான உச்சவரம்பு கொண்டுவந்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது. 1980 மக்களவைத் தேர்தலில் அதிமுக வென்றது 2 இடங்கள்தான். ஆணை திரும்பப் பெறப்பட்டு, இடஒதுக்கீடு 31 சதவீதத்திலிருந்து 50 ஆனது. இதை வெறும் வாக்கு அரசியல் என்று ஒதுக்குவது நியாயமில்லை. தலைமுறைகளாகப் படிப்பு மறுக்கப்பட்ட வீட்டில் ஒருவர் எழுத்தர் வேலையில் சேர்ந்த மாதமே அந்த இழப்பு தீர்ந்துவிடாது.

வறுமையை அளக்கவாவது வருமானம் போதுமா? தமிழக அரசே அதை முழுதாக நம்பவில்லை. 2023இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 2.5 லட்சம் ரூபாய் வரம்புடன், 5 ஏக்கர் நன்செய், 10 ஏக்கர் புன்செய், ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம் என்ற வரம்புகளும் வைக்கப்பட்டன. சம்பளக்காரரின் வரவு காகிதத்தில் இருக்கிறது. கடைக்காரரின் வரவும் கொத்தனாரின் கூலியும் விஏஓ விசாரித்து எழுதுவதுதான். அதனால் நிலத்தையும் மின்கணக்கையும் பார்ப்பது சரியான யோசனை.

ஆனாலும் குறை இருக்கிறது. சொந்த வீட்டில் வாழும் தம்பதிக்கு ஆண்டு வரவு 2.4 லட்சம். வாடகை வீட்டில் மூன்று பிள்ளைகள், நடமாட முடியாத தாய் என ஆறு பேர் உள்ள கட்டிடத் தொழிலாளர் குடும்பத்துக்கும் அதே வரவு; ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை நின்றால் வட்டிக்கு வாங்கித்தான் அடுப்பெரிய வேண்டும். வருமானச் சான்றிதழில் இரண்டும் ஒன்று.

குடும்ப வருமானத்தை உண்பவர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கலாம். குடும்ப அட்டையில் அந்த எண்ணிக்கை இருக்கிறது. வாடகை, சொத்து, வேலையின் நிரந்தரம் ஆகியவற்றையும் விண்ணப்பத்திலேயே கேட்கலாம். கிரீமிலேயர் வரம்பை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருத்த வேண்டும் என்று 1993ஆம் ஆண்டு ஆணையே சொல்கிறது. 2017இல் 6 லட்சத்தை 8 லட்சமாக்கிய மத்திய அரசு, அடுத்த திருத்தத்தை அந்தக் கெடுவுக்குள் செய்யவில்லை. விலைவாசியோடு வரம்பு தானாக உயரும்படி விதியை மாற்றினால், ஒவ்வொரு முறையும் பெற்றோர் போராட வேண்டியிருக்காது.