குடலின் குறையை வாய் சொல்லும்

கோவைக்கு வடக்கே, மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள துடியலூரில் விருந்தீஸ்வரர் எழுந்தருளியிருக்கிறார். பசியோடு வந்த சுந்தரமூர்த்தி நாயனாருக்கு இறைவனே விருந்தளித்த தலம் என்பது தல வரலாறு. பேரக்குழந்தையின் கையைப் பிடித்து அச்சந்நிதிக்கு வரும் பெரியோர், பிரசாதத்தைத் தம் கையாலேயே குழந்தைக்கு ஊட்டி மகிழ்கின்றனர். ஆனால், ஊட்டிய உணவை உடம்பு ஏற்காத குழந்தைகளும் உண்டு.

ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். எட்டு வயதுப் பேரனுக்கு வாய்ப்புண் ஆறுவதும் திரும்ப வருவதுமாக மாதங்கள் கழிகின்றன. “உடம்புச் சூடுதான் கண்ணு, மணத்தக்காளிக் கீரை தின்னாச் சரியாப் போயிரும்” என்கிறார் அம்மாயி. கீரை நல்லதுதான். ஆயினும் புண் மீண்டும் வருகிறது, எடை குறைகிறது, உயரம் கூடவில்லை, அடிக்கடி வயிற்றுவலியும் பேதியும். இந்நிலையில் வாய்ப்புண்ணை வாயோடு நிறுத்திப் பார்ப்பது பிழை.

வாய்முதல் ஆசனவாய்வரை உணவுப்பாதை ஒன்றே. 1932ஆம் ஆண்டு நியூயார்க் மருத்துவர்கள் விவரித்த கிரோன் நோய், அப்பாதையில் எவ்விடத்தையும் தாக்கவல்லது. உதடு வீங்குதல், ஈறு தடித்தல், ஆழமான புண் ஆகியவை சில குழந்தைகளுக்கு வயிற்றுக் கோளாறு தெரிவதற்கு முன்பே தோன்றும். கோதுமையின் புரதத்தைக் குடல் ஏற்காத சீலியாக் நோய் வட இந்தியாவில் மிகுதி; தமிழகத்தில் அரிது. சிறு வயதிலேயே அந்நோய் கண்டவர்களுக்கு, பின்னர் முளைக்கும் நிலைப்பற்களின் எனாமல் குழிகளோடும் மஞ்சள், பழுப்பு நிறத்தோடும் அமையலாம்.

1960களின் தொடக்கத்தில் வேலூர்ப் பகுதிக் கிராமங்களில் ஸ்புரூ என்னும் குடல்நோய் பரவியபோது, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் பேக்கரும் மாத்தனும் அதை ஆராய்ந்தனர். நாட்பட்ட பேதியோடு நாக்குப் புண்ணும் அந்நோயின் அடையாளம். அப்பெயரே, வாய்ப்புண்ணைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. குடலின் பிணிக்கு வாயின் பெயரையே முன்னோர் இட்டிருக்கின்றனர்.

நோய் கண்டறிந்து மருந்து தொடங்கிய பின்னும் பல்லுக்கு இடர் உண்டு. இளைத்த குழந்தைக்குச் சிறிது சிறிதாக அடிக்கடி உணவு தரவேண்டியிருக்கிறது. சத்து பானங்களும் மருந்துப் பாகுகளும் இனிப்பானவை. ஒவ்வொரு முறை இனிப்பு படும்போதும் வாயிலுள்ள கிருமிகள் அமிலம் சுரந்து எனாமலைக் கரைக்கின்றன. வாய்ப்புண்ணின் வலியால் குழந்தை பல் துலக்க மறுக்கிறது. ஸ்டீராய்டு மருந்தால் வாயில் வெண்படலம் படரவும் கூடும். சொத்தைப் பல்லால் மெல்ல இயலாத குழந்தை இன்னும் குறைவாக உண்ணும். உடல் மேலும் இளைக்கும். இந்தச் சுழலை உடைப்பதில் வீட்டுப் பெரியவர்களின் பங்கு மிகப் பெரிது.

பிரசாதத்தை மறுக்க வேண்டியதில்லை. பஞ்சாமிர்தத்தையும் சர்க்கரைப் பொங்கலையும் வேளை உணவோடு சேர்த்துச் சிறிதளவு தந்து, உடனே வாய் கொப்பளிக்கச் செய்தல் போதும். சீலியாக் நோயுள்ள குழந்தைக்கு ரவா கேசரி ஆகாது; ரவையும் கோதுமையே. கடைப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது வழக்கமாதலால், புளியோதரைக்கு முன்பும் விசாரித்தல் நலம். இரவில் மருந்துப் பாகு கொடுத்த பின்னரே, ஃபுளோரைடு கலந்த பற்பசையால், மென்மையான தூரிகை கொண்டு பல் துலக்க வேண்டும். ஏழெட்டு வயதுவரை பெரியவர் ஒருவரே துலக்கிவிடுதல் சிறப்பு. வாந்தி எடுத்தால் முதலில் வெறும் நீரால் கொப்பளிக்கச் செய்து, அரைமணி நேரம் கழித்தே துலக்க வேண்டும்.

பல்வலி வந்தால் வீட்டிலுள்ள வலி மாத்திரையைக் கொடுத்துவிடலாகாது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை குடல் அழற்சியைத் தூண்டக்கூடும். பல் மருத்துவரிடம் குடல் நோயையும், உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மறவாமல் கூற வேண்டும். பல் பிடுங்குவதற்காகத் தாமாகவே மருந்தை நிறுத்துவதும் ஆபத்து. இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண்ணையும், எடை குறைவோடு திரும்பத் திரும்ப வரும் புண்ணையும் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

விருந்து படைப்பவர் முதலில் பார்ப்பது வந்தவரின் முகத்தை. பேரக்குழந்தைக்கு அடுத்த கவளம் ஊட்டும் முன், “ஆ காட்டு கண்ணு” என்று ஒருகணம் அதன் வாய்க்குள்ளும் பார்த்துவிட்டால், அதுவும் விருந்தீஸ்வரருக்கு உகந்த விருந்தோம்பலே.