சும்மா இருந்தப்ப பின்னினதுதானே?

ஒயர் கூடை பின்னுவது எனக்குச் சின்ன வயதிலேயே கைவந்த வேலை. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் முடிச்சு எல்லாம் பின்னுவேன். அக்கம்பக்கத்தில் கேட்டால் ஒயர் காசை மட்டும் வாங்கிக்கொண்டு பின்னிக் கொடுப்பேன். 2025-ல் நவராத்திரிக்கு முன்னால் திண்டுக்கல்லில் ஒரு மண்டபத்தில் மூன்று நாள் கைவினைக் கண்காட்சி என்றார்கள். நானும் எதிர்வீட்டுத் தோழியும் ஆளுக்குப் பாதி வாடகை போட்டு ஒரு மேஜை பிடித்தோம். நாற்பது கூடைகளைச் சாக்கில் கட்டி பஸ் ஏறும்போது, "இதையெல்லாம் யாரு காசு குடுத்து வாங்கப் போறா?" என்றார் என் மாமியார்.

வாங்கினார்கள்! முதல் நாள் மத்தியானத்துக்குள் பதினெட்டு கூடை போய்விட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து மேஜையில் சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலை வைத்திருந்த அக்கா மெதுவாகக் கேட்டார்.

"ஏத்தா, கூடை என்ன விலை?"

"180 ரூபாக்கா. ஒயர் ரெண்டு கட்டு 130, கைப்பிடிக்கு 10 ஆகுது."

"பின்ன எத்தனை நாளாகும்?"

"ரெண்டு நாள். சும்மா இருக்கிற நேரத்துலதானே பின்னுறேன்."

"நீ சும்மா இருக்கே, சரி. அந்தா, கடைசி மேஜையில ஒரு பொண்ணு இதே கூடைக்கு 350 போட்டுட்டு காலையிலருந்து ஒண்ணுகூட விக்காம உக்காந்திருக்கு பாரு. புருஷன் இல்ல. ரெண்டு புள்ளைக. அவளுக்கு இதுதான் பொழப்பு."

எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் மொத்தமாகப் பத்துக் கூடை வாங்கினவர் ஒரு கடைக்காரர் என்பதும் அந்த அக்கா சொல்லித்தான் தெரிந்தது. என் உழைப்பின் லாபம் அவருக்குப் போனது.

அன்று ராத்திரி நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு கூடைக்குப் பத்து மணி நேரம் ஆகிறது. மிச்சம் 40 ரூபாய். அப்படியென்றால் என் கூலி மணிக்கு 4 ரூபாய்! 2025-26-க்கு நம் மாநிலத்தில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளைக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரம் என்றால் மணிக்கு 42. அதன்படி கூடைக்கு 420 ரூபாய் கூலி, சாமான் 140, ஆக 560 ரூபாய் சொல்லணும். அந்த விலைக்கு விற்காது, எனக்கும் தெரியும். ஆனால் 350 என்று வைத்தால் 210 நிற்கும். பாதிக் கூலியாவது வரும் இல்லையா?

மறுநாள் நானும் 350 என்று சீட்டு ஒட்டினேன். மீதி இரண்டு நாளில் ஏழுதான் விற்றது. பதினெட்டு விற்று 720 மிச்சம் பார்த்தவள், ஏழு விற்று 1,470 பார்த்தேன். கடைசி மேஜைப் பெண்ணும் ஐந்து விற்றாள்.

"நமக்கென்ன, வீட்டுக்காரர் சம்பாதிக்கிறார், கைச்செலவுக்கு வந்தால் போதும்" என்று நம்மில் பலர் சொல்கிறோம். நானும் சொன்னவள்தான். ஆனால் நம் கைச்செலவுக்காக நாம் குறைக்கிற விலை, இன்னொருத்தி வீட்டு அரிசிச் செலவு. அதோடு, சமையல் முடித்து, துணி துவைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, அப்புறம் தூக்கத்தைக் குறைத்துப் பின்னுகிறோமே, அது சும்மா இருக்கிற நேரமா? நம் வேலையை நாமே 'சும்மா' என்றால் மற்றவர்கள் எப்படி மதிப்பார்கள்? வாங்குகிறவர்களும் பெரிய கடையில் சீட்டைப் பார்த்துப் பேசாமல் பணம் கட்டிவிட்டு, கைவேலைக்காரியிடம் மட்டும் பாதி விலைக்குக் கேட்பது நியாயமா?

முதன்முதலாகக் கடை போடுகிறவர்களுக்கு நான் பட்டறிந்ததைச் சொல்கிறேன். பணம் கட்டும் முன் மேஜை எந்த இடத்தில், பெண்களுக்குக் கழிப்பறை உண்டா என்று கேளுங்கள். விலைச்சீட்டு ஒட்டிவிடுங்கள், வாயால் சொன்னால் நம் மனசே இளகிக் குறைத்துவிடும். சில்லறையும் வேண்டும், செல்போனில் பணம் போட க்யூஆர் அட்டையும் வேண்டும். பெரிய கூடையோடு தாம்பூலக் கூடை, செல்போன் பை மாதிரி சீக்கிரம் முடிகிற சின்னச் சாமான்களும் வையுங்கள். கல்யாணத்துக்கு மொத்த ஆர்டர் அதில்தான் வரும்.

மகளிர் குழுவில் இருப்பவர்கள் தனியாருக்கு வாடகை கட்டும் முன் ஒன்றிய அலுவலகத்திலும் கலெக்டர் ஆபீஸ் மகளிர் திட்டத்திலும் விசாரியுங்கள். கிராமத்துப் பெண்கள் செய்யும் பொருள்களுக்கென்றே 1999 முதல் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் சரஸ் கண்காட்சிகள் நடக்கின்றன. நம் மாநிலத்தில் 'மதி' என்ற பெயரிலும் குழுக்களின் பொருள்களை விற்கிறார்கள்.

இப்போது யாராவது கூடை கேட்டு வந்தால் என் மாமியாரே முந்திக்கொண்டு, "ஒயர் காசு மட்டும் இல்ல தாயி, பின்னுகூலியும் உண்டு" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், தோழியரே?

– ஓர் இல்லத்தரசி, ரெட்டியார்சத்திரம்.