சாவி தொங்கும் பெட்டி

வீவக அடுக்குமாடி வீடு ஒன்றின் வரவேற்பறையில் ஒரு மேசைக் கணினி இருக்கிறது. பள்ளியிலிருந்து திரும்பும் மகன் அதில் வீட்டுப்பாடம் செய்கிறான். இரவுச் சமையலை முடித்துவிட்டு வரும் அம்மா அதே கணினியில் மின்கட்டணம் செலுத்துகிறார். அப்பா மின்னஞ்சல் பார்க்கிறார். விடுமுறைக்கு வரும் சித்தி மகன் அதில்தான் விளையாடுகிறான். கணினியை இயக்கினால் போதும், “நீங்கள் யார்?” என்று அது யாரையும் கேட்பதில்லை. இணையத்தளத்தைத் திறந்ததும் கடவுச்சொல் தானாகவே வந்து நிற்கிறது. வைஃபை எனப்படும் கம்பியில்லா இணைப்பும் உடனே கிடைத்துவிடுகிறது. இந்த வசதி எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால், அந்தக் கணினி எவற்றையெல்லாம் நினைவில் வைத்திருக்கிறது என்பது அவ்வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இத்தகைய வீடுகள் பல உண்டு. இதைக் காணும் சிலர், “கடவுச்சொற்களைக் கணினியில் சேமிக்கவே கூடாது” என்று அறிவுறுத்துகின்றனர். அவர்களுடைய அச்சம் நியாயமானதே. எனினும், அந்த அறிவுரை முழுமையானதன்று. சேமிப்பது தவறில்லை, சேமித்ததைக் காவலின்றி விடுவதுதான் தவறு.

மனித நினைவாற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. மின்னஞ்சல், பள்ளியின் கற்றல் தளம், நூலகம், விளையாட்டு, இணைய அங்காடி, வங்கி என ஒருவருக்கே பல கணக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நீளமான, வெவ்வேறான கடவுச்சொல்லை நினைவில் வைத்திருப்பது எளிதன்று. அதனால் பலர் ஒரே கடவுச்சொல்லை எல்லா இடங்களிலும் பயன்படுத்துகின்றனர். அவற்றுள் ஏதேனும் ஒரு தளத்திலிருந்து அது கசிந்துவிட்டால், திருடர்கள் அதையே மற்றத் தளங்களிலும் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு சிறிய விளையாட்டுத் தளத்தில் தொலைந்த சொல், மின்னஞ்சலின் கதவையும் திறந்துவிடும். கணினி நினைவில் வைத்துக்கொள்ளும் என்றால், ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வைப்பதில் சிரமமில்லை. அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்பக் கழகம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியும், கடவுச்சொல் சேமிப்புச் செயலிகளைப் பயனாளர்கள் எளிதாகப் பயன்படுத்த இணையத்தளங்கள் இடம்தர வேண்டும் என்றே கூறுகிறது.

சேமிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், சிங்கப்பூர் வங்கி ஒன்றின் பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் பரவின. அவற்றிலிருந்த இணைப்பைத் தட்டியவர்கள், வங்கியின் தளத்தைப் போலவே தோன்றிய போலித் தளத்திற்குச் சென்று தங்கள் விவரங்களை உள்ளிட்டனர். அம்மோசடியில் ஏறத்தாழ 790 பேர் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தனர். போலித் தளத்தின் தோற்றம் மனிதரின் கண்ணை ஏமாற்றிவிடும். ஆனால், இணைய உலாவி தோற்றத்தைப் பார்ப்பதில்லை. தளத்தின் முகவரியைத்தான் பார்க்கிறது. முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது சேமித்த கடவுச்சொல்லைத் தானாக நிரப்பாது. வழக்கமாக வந்து நிற்கும் கடவுச்சொல் ஒருநாள் வரவில்லையென்றால், அதை ஓர் எச்சரிக்கையாகக் கொண்டு முகவரியைச் சரிபார்க்க வேண்டும்.

இவ்வளவு நன்மை இருந்தும், வரவேற்பறைக் கணினி பாதுகாப்பானதன்று. காரணம், அது பூட்டிய பெட்டியிலேயே சாவியைத் தொங்கவிட்டது போன்ற நிலையில் இருக்கிறது. சேமித்த கடவுச்சொற்களைக் காட்டும்படி கேட்டால், உலாவிகள் பொதுவாகக் கணினியின் கடவுச்சொல்லைக் கேட்டுச் சரிபார்த்த பிறகே காட்டும். கணினிக்கே கடவுச்சொல் இல்லாவிட்டால் அந்தத் தடைக்குப் பொருளேது? எல்லாச் சாவிகளையும் ஒரே பெட்டியில் வைப்பவர், அந்தப் பெட்டிக்கு நல்ல பூட்டைப் போட வேண்டும். ஆகவே, குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் கணினியில் தனிக் கணக்கும், அதற்கெனத் தனிக் கடவுச்சொல்லும் இருப்பது அவசியம். விருந்தினருக்கென்று ஒரு தனிக் கணக்கை ஒதுக்குவதும் நல்லது.

“வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் நம் மக்கள்தானே! அவர்களிடம் எதற்கு மறைப்பு?” என்று சிலர் கேட்கலாம். இங்குச் சிக்கல் நம்பிக்கையைப் பற்றியதன்று. சித்தி மகன் விளையாட்டுப் பொருள் ஒன்றை வாங்க விசையைத் தட்டினால், அம்மாவின் கடன் அட்டையிலிருந்து பணம் போய்விடக்கூடும். அதில் அவனுடைய தீய எண்ணம் எதுவுமில்லை. மேலும், கணினி எந்நாளும் வீட்டிலேயே இருப்பதில்லை. பழுதானால் கடைக்குப் போகிறது. பழையதானால் பிறர் கைக்கு மாறுகிறது. அதில் உள்ளவற்றை அழிக்காமல் கொடுத்தால், குடும்பத்தின் கடவுச்சொற்களும் அதனுடன் சேர்ந்தே போகும்.

“கையேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன்” என்று கூறும் தாத்தாவையும் எள்ளி நகையாடத் தேவையில்லை. தொலைதூரத்தில் இருக்கும் திருடனால் அந்தக் கையேட்டைப் படிக்க முடியாது. அது பூட்டிய இழுப்பறையில் இருந்தால் நல்லதுதான். கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்ட துண்டுத் தாளில் இருந்தால்தான் ஆபத்து. எங்கே வைத்தாலும் காவல் வேண்டும் என்பதே கருத்து.

கம்பியில்லா இணைப்புக்கும் இது பொருந்தும். மேசைக் கணினி இடம் மாறுவதில்லை. அதற்கு வீட்டு இணைப்பு ஒன்றே போதும். ஆனால், அது நினைவில் வைத்துள்ள இணைப்புகளின் பட்டியலைத் திறந்தால் நான்கைந்து பெயர்கள் இருக்கலாம். என்றோ ஒருநாள் வீட்டு இணைப்பு நின்றபோது, கீழ்த்தளக் கடையின் கடவுச்சொல் இல்லாத இணைப்பை யாரோ பயன்படுத்தியிருப்பார்கள். தானாக இணையும்படி அது சேமிக்கப்பட்டிருந்தால், மீண்டும் வீட்டு இணைப்பு நிற்கும்போது கணினி யாரையும் கேட்காமல் அதில் சேர்ந்துகொள்ளும். அதே பெயரில் ஒருவர் போலி இணைப்பை அமைத்தாலும், பெயரை மட்டுமே பார்க்கும் கணினி ஏமாந்துவிடும். தேவையற்ற பெயர்களை ‘மறந்துவிடு’ என்று கட்டளையிட்டு நீக்குவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வீட்டிற்குள் இணையத்தைப் பரப்பும் ரௌட்டர் கருவியின் அமைப்புகளைத் திறக்க, வாங்கியபோது தரப்பட்ட கடவுச்சொல்லையும் மாற்றிவிட வேண்டும். பல கருவிகளில் அது ஒன்றாகவே இருப்பதால், யாரும் எளிதில் ஊகித்துவிடுவர்.

இவற்றைச் செய்யப் பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. பள்ளி விடுமுறைதோறும் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். பயன்படுத்தாத கணக்குகளின் கடவுச்சொற்களை நீக்கலாம். திரும்பத் திரும்ப வரும் கடவுச்சொற்களை மாற்றலாம். பழைய இணைப்புகளை அழிக்கலாம். வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். இப்பணியை மாணவர்களே முன்னின்று செய்யலாம். பெரியவர்கள் அருகில் அமர்ந்து, தங்கள் கடவுச்சொற்களைத் தாங்களே மாற்றக் கற்றுக்கொள்ளலாம்.

தீபாவளிக்கு முன்பு வீட்டைத் துப்புரவு செய்து, வேண்டாதவற்றைக் கழிப்பது தமிழர் வழக்கம். அலமாரிகளுக்குக் கிடைக்கும் அந்தக் கவனம் வரவேற்பறைக் கணினிக்கும் கிடைக்க வேண்டும். குடும்பத்தின் பணமும் கடிதங்களும் படங்களும் இன்று அதற்குள்தான் இருக்கின்றன.