விலை சொல்கிறவனும் விலை கேட்கிறவனும்

ஒரு தொழில் செழித்தால் அதற்குச் சரக்குக் கொடுக்கிறவர்கள் எல்லோரும் தாமாகவே செழித்துவிடுவார்கள் என்று ஒரு வேதாந்தம் நம்மிடையே உலவுகிறது. திருப்பூரில் பனியன் அதிகம் தைத்தால் கோவை நூற்பாலைக்கு வேலை. நூற்பாலை ஓடினால் குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் பருத்தி போடும் குடியானவனுக்குக் காசு. கணக்கு எவ்வளவு சுலபம், பாருங்கள்!

இதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவையில் ஆலைகள் பெருகின. ஆலை யந்திரங்களைப் பழுது பார்க்கப் பட்டறைகள் எழுந்தன. பழுது பார்த்த கை, செய்யவும் கற்றது. 1962-ல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் பிறந்தது. ஒரு தொழில் இன்னொன்றை வளர்த்தது வாஸ்தவந்தான்.

ஆனால் யந்திரம் செய்கிறவன் தன் சரக்குக்குத் தானே விலை சொல்கிறான். வாங்குகிறவன் தயங்கினால் ஒரு மாதம் காத்திருக்கவும் அவனால் முடியும். பருத்திக்காரனோ சரக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போய், "என்ன விலை கொடுப்பீர்கள்?" என்று கேட்கிறான். விதைக்கும் உரத்துக்கும் மருந்துக்கும் வாங்கிய கடன் அவனைத் துரத்துகிறது. அக்டோபரில் எடுத்த பருத்தியை மே மாதம் வரை வைத்திருக்க அவனிடம் கிடங்கு ஏது?

என்றாவது விலை அவன் பக்கம் திரும்பினால் என்ன நடக்கிறது? 2010 ஏப்ரலில் பருத்தி ஏற்றுமதியை நிறுத்தினார்கள். 2012 மார்ச் 5-ம் தேதி மறுபடியும் தடை. விவசாயிகளுக்காக எழுந்த கூச்சலில் ஒரு வாரத்துக்குள் அதை விலக்கிக்கொள்ள நேர்ந்தது. 2022 ஏப்ரலில் விலை ஏறியபோது, ஆலைகள் முறையிட, 11 சதவிகித இறக்குமதி வரி தள்ளுபடி ஆயிற்று. 2025-ல் அமெரிக்கா நம் துணிகள் மீது வரியை உயர்த்தியபோதும் அதே வைத்தியந்தான்: ஆகஸ்டு முதல் டிசம்பர் முடிய அயல்நாட்டுப் பருத்திக்கு வரி இல்லை. நம் குடியானவனின் புதுப் பருத்தி சந்தைக்கு வரும் மாதங்கள் அவை!

"ஆலை மூடினால் தொழிலாளி தெருவில் நிற்பானே?" என்பார்கள். நிற்பான், அது பொய்யல்ல. அவனைக் காப்பாற்றுவது தேசத்தின் கடமை. அந்தச் செலவைப் பருத்திக்காரன் ஒருவன் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

வளர்ச்சியில் அவனுக்குப் பங்கு உண்டென்று மெய்யாகவே நம்புகிறவர்கள் அவனுக்குக் கிடங்கு கட்டித் தரட்டும். கிடங்கிலுள்ள பருத்தியின் பேரில் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கட்டும். விதைத்த பிறகு வரியை மாற்றுவதில்லை என்று சட்டம் செய்யட்டும். அவனும் ஒரு நாள் சந்தையில் நின்று விலை சொல்லட்டும். அதுவரை இந்தச் செழிப்புக் கதையை அவனிடம் சொல்லாதிருப்பதே மரியாதை.