கல்லுமலை சொல்லும் கடல் கதை

வாசகர்களே, தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடியோடு போகிறீர்கள். அந்த மலைப்பாறை ஒரு காலத்தில் கடலடியில் கிடந்த சேறு என்றால் நம்புவீர்களா?

பாட்டி வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தது. கிந்தா பள்ளத்தாக்கின் மலைகளும் அதே சரக்குதான். கிளிஞ்சல், பவளம், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர் ஆகியவற்றின் ஓடுகள் கடலடியில் படிந்து, இறுகிக் கல்லாயின. அவற்றின் வயது 25 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுவரை. கம்பார் பக்கத்து ஈய லம்பங்களின் அடிப்பாறையிலேயே கடல் சிப்பிகளின் கல்லுருவங்கள் கிடைத்திருக்கின்றன.

அப்படியானால் மலை உச்சிவரை கடல் நின்றதா? இல்லை. கடலடிதான் மேலே எழும்பியது. பூமிக்குள்ளிருந்து உருகிய பாறை பொங்கி வந்து கருங்கல்லாக உறைந்தது. அந்தச் சூட்டில் சுண்ணாம்புக்கல் சலவைக்கல் ஆனது. ஈப்போவைப் பணக்கார ஊராக்கிய ஈயமும் அந்தக் கருங்கல்லோடு வந்த சீதனம்தான்.

தரை எழும்புவது ஒரு கதை. கடலே ஏறி இறங்குவது இன்னொரு கதை. பூமி குளிர்ந்த காலங்களில் வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் மலைபோல் பனிக்கட்டி குவிந்தது. அந்தத் தண்ணீரெல்லாம் கடலிலிருந்து போனதுதானே? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றையதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாக்கா நீரிணையின் தென்பகுதி ஆழமோ பெரும்பாலும் 27 மீட்டர்தான். அன்று ஒருவர் பேராக்கிலிருந்து கிளம்பிக் கால் நனையாமல், ஆறுகளை மட்டும் கடந்து, சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் நடந்திருக்கலாம். கடப்பிதழ் கேட்க ஆளில்லை!

நம் பூர்வீகத்திலும் இதே நிலைதான். பாக் நீரிணை அன்று தரை. இராமேஸ்வரத்திலிருந்து மன்னாருக்கு நடைபாதை. கடல் கொண்ட தென்னாட்டைப் பற்றித் தாத்தாக்கள் சொல்லும் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒரு கண்டமே மூழ்கியதற்குச் சான்று இல்லை. ஆனால் கரையோர நிலம் ஏராளமாக மூழ்கியது உண்மை.

பிறகு பூமி சூடேறியது, பனி உருகியது, கடல் ஏறியது. லெங்கோங் குகையில் 'பேராக் மனிதர்' அடக்கமாகிச் சுமார் 10,000 ஆண்டுகள் ஆகின்றன. அப்போதும் கடல் இன்றைய மட்டத்தை எட்டவில்லை. அப்புறம் எட்டியது, தாண்டியும் போனது! ஐயாயிரம், ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் தீபகற்பக் கரையில் கடல் இன்றையதைவிட 3 முதல் 5 மீட்டர் உயர்ந்து நின்றதாக ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். செபராங் பிறையில் குவார் கெப்பா என்ற இடம் இருக்கிறது. கடலோர மக்கள் தின்று போட்ட சிப்பிகள் அங்கே மேடாகக் குவிந்திருந்தன. 2017-இல் ஒரு பெண்ணின் எலும்புக்கூடும் கிடைத்தது. அந்த இடம் இன்று கடலைவிட்டு வெகுதூரம் உள்ளே இருக்கிறது.

கடல் பின்வாங்க, ஆறுகள் கொண்டுவந்த சேறு படிந்து உருவான நிலம்தான் நம் கரையோரச் சமவெளி. பாகான் டத்தோ தென்னந் தோட்டங்களும் ஊத்தான் மெலிந்தாங் செம்பனையும் நிற்பது அந்தச் சேற்றில்தான். கல்லுமலைக்குக் கோடிக்கணக்கில் வயது. இந்த மண்ணுக்கோ சில ஆயிரம்தான். அதைக் காப்பது ஒரு மண்கரையும் மதகும். நம் ஆட்கள் சேற்றில் நின்று வெட்டிய வாய்க்கால்களில்தான் இன்றும் தண்ணீர் வடிகிறது.

கடல் மறுபடியும் ஏறுகிறது என்பதுதான் இப்போதைய செய்தி. 1901-லிருந்து 2018-க்குள் உலகக் கடல் மட்டம் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006-க்குப் பிறகு ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம் ஏறியதாக ஐக்கிய நாடுகளின் பருவநிலைக் குழு 2021-இல் சொன்னது. ஒரு அரிசி மணியின் நீளம்கூட இல்லையே என்பீர்கள். 30 ஆண்டில் அது 11 சென்டிமீட்டர். கரையின் உயரமோ கூடுவதில்லை. பௌர்ணமி ஏற்றமும் காற்றும் மழையும் சேர்ந்து வரும் இரவில் அந்த 11 சென்டிமீட்டர்தான் கணக்கு. உப்புத் தண்ணீர் தேங்கினால் செம்பனை தாங்காது; கிணறும் கெடும்.

முன்பு கடல் ஏறியதற்கு மனிதன் காரணமில்லை. இன்று நிலக்கரி, எண்ணெய்ப் புகையால் பூமி சூடேறுகிறது, பனி உருகுகிறது, கடல்நீரும் சூட்டில் விரிகிறது. அந்தப் புகையில் தோட்டத்து லயத்தின் பங்கு எவ்வளவு இருக்கும்? முதலில் நனைவது மட்டும் தாழ்ந்த இடத்து வாசல்தான்.

கித்தாத் தோட்டம் விற்கப்பட்டு, கையில் கிடைத்த பணத்தில் கரையோரம் மனை வாங்க நினைக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. விலையைக் கேட்கும்போதே நிலத்தின் உயரத்தையும் கேளுங்கள். பெரிய ஏற்றத்தன்று நேரில் போய்ப் பாருங்கள். மண்கரை கசிந்தாலோ, வாய்க்கால் தண்ணீர் உப்புக் கரித்தாலோ வடிகால், நீர்ப்பாசன இலாகாவிடம் எழுத்தில் கொடுத்து, ஒரு நகலைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.