வெளிச்சப் பலகையும் விளங்காத பாடமும்

சர்வகலாசாலைப் படிப்பைப் பற்றிப் பேச உமக்கு என்ன யோக்கியதை இருக்கின்றது என்று சிலர் நம்மைக் கேட்கக்கூடும். கேட்கட்டும். நாம் எந்தக் காலேஜிலும் படித்துப் பட்டம் பெற்றவரல்ல என்பதை ஒளிக்கவில்லை. ஆனால் குழம்பில் உப்பில்லை என்று சொல்லுவதற்குச் சமையற்காரனாகவே இருக்க வேண்டுமென்பதில்லையல்லவா? பிள்ளைகளை அனுப்புகின்றவர்களும் பணம் கட்டுகின்றவர்களும் நாமாயிருக்கும்போது, அங்கே நடப்பதென்ன என்று கேட்க நமக்குப் பூரண உரிமை உண்டென்றே கருதுகின்றோம்.

விருதுநகர் ஜில்லாவில் இன்று காலேஜுக்குப் பஞ்சமில்லை. 1947-ல் விருதுநகரிலும், 1963-ல் சிவகாசியிலும் தொடங்கிய காலேஜுகளுக்குப் பின் எத்தனையோ ஏற்பட்டுவிட்டன. தீக்குச்சி அடுக்கியவர்களின் பேத்திகளும், பட்டாசுக்குத் திரி வைக்கின்றவர்களின் பெண்களும் இன்று பட்டப் படிப்புப் படிக்கின்றார்கள். சர்க்கார் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு 2022 முதல் மாதம் 1000 ரூபாய் உதவியும் கிடைக்கின்றது. இவற்றைக் கண்டு நம்மைவிட அதிகமாகச் சந்தோஷப்படுகின்றவர்கள் யாரும் இருக்க முடியாது.

ஆனால் வகுப்புக்குள் நடப்பதென்ன? முன்பு வாத்தியார் பழுப்பேறிய நோட்டைப் பார்த்து வாசிப்பார், பிள்ளைகள் எழுதிக்கொள்ளுவார்கள். இப்போது சுவரில் வெளிச்சப் பலகை வந்திருக்கின்றது. வாத்தியார் அதைப் பார்த்து வாசிக்கின்றார்; பிள்ளைகள் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுகின்றார்கள். பரீட்சைக்கு முதல் நாள் இரவு அதை மனப்பாடம் செய்து, மறுநாள் கக்கிவிட்டு, மூன்றாம் நாள் மறந்துவிடுகின்றார்கள். புரோகிதர் மந்திரத்தை ஏட்டைப் பார்த்துச் சொன்னாலென்ன, ஒலிபெருக்கி வைத்துச் சொன்னாலென்ன? கேட்கின்றவனுக்கு அர்த்தம் தெரியாதிருப்பதில் ஏதாவது வித்தியாசம் உண்டா?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் யந்திரம் வந்த பிறகு வேடிக்கை இன்னும் முற்றிவிட்டது. வாத்தியார் கட்டுரை கேட்கின்றார், மாணாக்கன் யந்திரத்தைக் கேட்கின்றான், யந்திரம் எழுதுகின்றது, வாத்தியார் மார்க்குப் போடுகின்றார். இதில் கற்றவர் யார், கற்பித்தவர் யார் என்று கேட்கின்றோம்.

மனிதன் கற்பது எப்படி என்பதற்குச் சிவகாசிக்காரர்கள் வெளியூரில் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். அங்கே அவர்கள் பிரசங்கம் கேட்டுவிட்டா திரும்பினார்கள்? கையால் செய்து, கெடுத்து, ஏன் கெட்டது என்று கேட்டுக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதனால்தான் கரிசல் பூமியில் ஒரு தொழிலே முளைத்தது.

இதை இப்போது கணக்குப் போட்டும் காட்டியிருக்கின்றார்கள். விஞ்ஞானம், எஞ்சினீயரிங், கணிதப் பாடங்களைப் பற்றிய 225 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2014-ல் அமெரிக்காவில் ஒரு முடிவு வெளியிட்டார்கள். வாத்தியார் மாத்திரம் பேசிய வகுப்புகளில் 100-க்குச் சுமார் 34 பேர் தவறினார்கள். மாணாக்கர்களையும் யோசிக்கவும் பேசவும் வைத்த வகுப்புகளில் சுமார் 22 பேரே தவறினார்கள். ஹார்வர்டு சர்வகலாசாலையில் எரிக் மசூர் என்ற பௌதிக ஆசிரியர் 1991 முதல் கையாண்ட முறை மிகச் சுலபமானது. ஒரு கேள்வி போடுவது. ஒவ்வொருவனும் தன் பதிலைத் தனியாகச் சொல்லுவது. பிறகு பக்கத்திலிருப்பவனோடு வாதாடுவது. மறுபடியும் பதில் சொல்லுவது. அதன் பிறகே வாத்தியார் விளக்குவது. இவ்வளவுதான்.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். ரசாயன வகுப்பில் ஒரு கேள்வி: "அலுமினியத் தூளும் வெடியுப்பும் கலந்த மருந்தில் ஈரம் பட்டுவிட்டது. இனிப் பயமில்லை என்று மூலையில் வைத்துவிடலாமா?" தண்ணீர் நெருப்பை அணைப்பதுதானே, ஆகையால் வைக்கலாம் என்று பாதிப்பேராவது சொல்லுவார்கள். கூடாது என்பதே சரியான பதில். ஈரத்தில் அவை ஒன்றோடொன்று மெல்ல வினைபுரிந்து, சூடேறி, நெருப்பு வைப்பார் இல்லாமலேயே பற்றிக்கொள்ளக்கூடும். தப்பான பதிலைத் தானே சொல்லி, வாதாடி, தோற்றுப்போன பெண் இதை ஆயுளுக்கும் மறக்கமாட்டாள். அன்று சாயங்காலமே வீட்டில் தன் தாயாரிடம் சொல்லுவாள். வெளிச்சப் பலகையில் பத்தாவது வரியாக ஓடிப்போனதை யார் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்?

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் முப்பத்தைந்து பேருக்கு மேல் மாண்டார்கள். நாடெங்கும் ஆசிரியர் தினம் கொண்டாடிய நாள் அது. முதலாளிகளின் பேராசைக்கும் அதிகாரிகளின் அலட்சியத்துக்கும் வாத்தியார்களைக் குற்றவாளிகளாக்க நாம் வரவில்லை. ஆனால் இத்தனை காலேஜுகளில் இத்தனை வருஷமாய் ரசாயனம் படிப்பிக்கப்படும் பூமியில், அந்த ரசாயனம் ஆலை வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லையென்றால், அது யாருக்காகப் படிப்பிக்கப்படுகின்றது?

இதற்கு வாத்தியார்கள் சொல்லும் ஆட்சேபணைகள் நமக்குத் தெரியும். பாடம் முடியாது என்பார்கள். முடித்த பாடம் யார் தலையில் இருக்கின்றது என்பதே நமது பதில். வகுப்பில் 70 பேர் என்பார்கள். பக்கத்திலிருப்பவனோடு பேசுவதற்கு 70 பேரானாலென்ன, 200 பேரானாலென்ன? பிள்ளைகளே விரும்புவதில்லை என்பார்கள். இது மெய்தான். 2019-ல் ஹார்வர்டிலேயே பரிசோதித்தபோது, இம்முறையில் அதிகம் கற்ற மாணாக்கர்களே தாங்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். மூளைக்கு வேலை கொடுத்தால் அது முனகத்தான் செய்யும். அதற்காகச் சும்மா விட்டுவிடுவதா?

யந்திரம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கண்ணால் காண முடியாததைக் காட்டப் படம் வேண்டும். எல்லோருடைய பதிலையும் ஒரே நிமிஷத்தில் எண்ணிக் காட்ட யந்திரம் வேண்டும். சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்ததில் தப்பெங்கே என்று கண்டுபிடிக்கும்படி பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கலாம். ஆனால் கேள்வி இல்லாத வகுப்பில் எந்த யந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாலும் அது கோவில் விளக்கைப்போல எரிந்துகொண்டிருக்குமேயொழிய, யாருக்கும் வழி காட்டாது. இங்கிலீஷில் வாய் திறக்கப் பயந்து ஊமையாய் உட்கார்ந்திருக்கும் பெண்கள் தமிழில் வாதாடவும் தாராளமாய் இடம் கொடுக்க வேண்டும்.

ஆகவே பெற்றோர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். காலேஜில் எத்தனை வெளிச்சப் பலகைகள் இருக்கின்றன என்று விசாரியாதீர்கள். வீட்டுக்கு வந்த பிள்ளையை, "இன்று வகுப்பில் நீ என்ன கேள்வி கேட்டாய்?" என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்று தினமும் பதில் வருமானால், நீங்கள் கட்டிய பணத்துக்கு நாற்காலி வாடகை மாத்திரமே கிடைக்கின்றது என்று தெரிந்துகொள்ளுங்கள்.